பாகன்: வறண்ட நிலத்தின் கோயில் நகரம்

பாகன் மியான்மரின் (பர்மா) நடுப்பகுதியில், ஐராவதி ஆற்றின் கிழக்குக் கரையில் அமைந்த தொன்மையான பௌத்தக் கோயில் நகரம். பொ.யு. 11 முதல் 13-ஆம் நூற்றாண்டு வரை பாகன் பேரரசின் தலைநகராக விளங்கியது. ஆற்று வளைவை ஒட்டிய ஏறத்தாழ 100 சதுர கிலோமீட்டர் சமவெளியில் ஸ்தூபிகள், கோயில்கள், மடாலயங்கள் எனச் செங்கல் கட்டடங்கள் பரவியுள்ளன. அவற்றில் 3,595 சின்னங்கள் பதிவு செய்யப்பட்டுள்ளன. 2019-ல் யுனெஸ்கோ பாகனை உலக மரபுரிமைத் தலமாக அறிவித்தது.

கம்போடியாவின் அங்கோர், ஜாவாவின் போரோபுதூர் ஆகியவற்றுடன் பாகனைச் சேர்த்துப் பேசுவது வழக்கம். ஆனால் பாகன் காட்டுக்குள் மறைந்து பின்னர் கண்டெடுக்கப்பட்ட நகரம் அல்ல. தலைநகர் என்ற நிலையை இழந்த பிறகும் இங்கே வழிபாடு நிற்கவில்லை. பழுதடைந்த கோயிலைச் செப்பனிடுவது புதிய கோயிலைக் கட்டுவதற்கு இணையான புண்ணியம் என்ற நம்பிக்கை எண்ணூறு ஆண்டுகளாக இந்நகரைப் புதுப்பித்து வந்துள்ளது. அந்த நம்பிக்கைக்கும் தொல்லியல் பாதுகாப்பின் நெறிகளுக்கும் இடையிலான முரண்பாடே பாகனின் அண்மைக்கால வரலாறு.

பெயர்

பாகனின் செவ்வியல் பெயர் அரிமத்தனபுரம். 'பகைவரை மிதித்து அழிக்கும் நகரம்' என்பது பொருள். பாகனைச் சூழ்ந்த நாடு தம்பதீபம் (செம்பு நிலம்) என்றும் தத்ததேசம் (வறண்ட நிலம்) என்றும் அழைக்கப்பட்டது. பாகன் என்பது இன்றைய பர்மிய உச்சரிப்பை ஒட்டிய வடிவம். பிரித்தானிய ஆட்சிக்கால நூல்களில் இது 'பகான்' என்று எழுதப்பட்டது. இங்குள்ள தமிழ்க் கல்வெட்டு இந்நகரைப் 'புக்கம்' என்றும் 'அரிவத்தனபுரம்' என்றும் குறிப்பிடுகிறது.

நிலமும் பருவமும்

பாகன் மியான்மரின் வறள் மண்டலத்தில் உள்ளது. வங்கக் கடலிலிருந்து வரும் தென்மேற்குப் பருவக்காற்றின் ஈரத்தை அரக்கான் மலைத்தொடர் தடுத்துவிடுவதால் இப்பகுதி மழைமறைவு நிலமாகிறது. கடற்கரையில் கொட்டும் மழையில் சிறு பகுதியே இங்கு வந்து சேர்கிறது. ஆண்டு மழையளவு சராசரியாக 600 மில்லிமீட்டரை ஒட்டியது. மண் மணற்பாங்கானது. நெல்லுக்கு ஏற்ற நிலம் குறைவு. எள், நிலக்கடலை, பயறு வகைகள், பருத்தி ஆகியவை விளைகின்றன. கோயில்களுக்கு இடையே எங்கும் பனைமரங்கள் நிற்கின்றன. பதநீர் இறக்குவதும் கருப்பட்டி காய்ச்சுவதும் இன்றும் இங்குள்ள சிற்றூர்களின் தொழில்.

மழை குறைவாக இருந்ததே கட்டடங்கள் நிலைத்ததற்கு ஒரு காரணம். ஈரமான கீழ்ப் பர்மாவில் செங்கல் கட்டடங்களின் மேல் மரங்கள் விரைவில் வேரூன்றிப் பிளந்துவிடும். பாகனில் அது மெதுவாகவே நடந்தது. சுண்ணப்பூச்சுகளும் சுவரோவியங்களும் பல இடங்களில் எஞ்சியுள்ளன.

ஆண்டு மூன்று பருவங்களாகப் பிரிகிறது. மார்ச் முதல் மே வரை கோடை. ஏப்ரலில் பகல் வெப்பம் 40 பாகையைத் தாண்டும். ஜூன் முதல் அக்டோபர் வரை மழைக்காலம். நவம்பர் முதல் பிப்ரவரி வரை குளிர்ந்த வறட்சிக் காலம். இப்பருவத்தில் வானம் தெளிவாக இருக்கும். பகலில் ஏறத்தாழ 30 பாகை வரை வெயில் இருந்தாலும் இரவில் 15 பாகை அளவுக்குக் குளிர் இறங்கும். விடியலில் ஆற்றை ஒட்டிய சமவெளியில் பனிமூட்டம் படரும். ஐராவதியில் நீர் வடிந்து மணல்திட்டுகள் வெளிப்படும். வெள்ளம் விட்டுச்சென்ற வண்டலில் உழவர்கள் கடலையும் பயறும் விதைப்பர்.

தோற்றம்

பர்மிய அரச வரலாற்று நூல்கள் பாகனின் தொடக்கத்தைப் பொ.யு. இரண்டாம் நூற்றாண்டுக்குக் கொண்டுசெல்கின்றன. பியின்பியா என்ற அரசர் 849-ல் நகருக்கு மதில் எடுத்ததாகவும் அவை கூறுகின்றன. ஐராவதிச் சமவெளியில் அதற்கு முன்பு ஸ்ரீசேத்திரம் போன்ற பியூ மக்களின் நகரங்கள் இருந்தன. வடக்கிலிருந்து வந்த பர்மியர்கள் ஒன்பதாம் நூற்றாண்டில் ஆற்றங்கரையில் நிறுவிய குடியிருப்புகளே பாகனாக வளர்ந்தன என்பது வரலாற்றாய்வாளர்களின் பொதுவான கருத்து. பழைய மதிலின் ஒரு பகுதியும் தாராபா என்ற கிழக்கு வாயிலும் இன்றும் உள்ளன.

பேரரசின் வரலாறு அனவ்ரதாவுடன் (1044–1077) தொடங்குகிறது. ஐராவதிப் பள்ளத்தாக்கை ஒரே ஆட்சியின் கீழ் கொண்டுவந்தவர் அவர். அவரது வலிமைக்கு அடிப்படை பாகனுக்கு வெளியே இருந்தது. வடகிழக்கிலுள்ள சௌக்சே பகுதியின் கால்வாய்ப் பாசனமும் தெற்கிலுள்ள மின்பூ பகுதியின் பாசனமும் நெல்லை அளித்தன. அந்த நெல் ஆற்று வழியாகத் தலைநகருக்கு வந்தது. வறண்ட நிலத்தில் பெருநகரம் எழ முடிந்தது இதனால்தான்.

அனவ்ரதா 1057-ல் தெற்கிலிருந்த மொன் மக்களின் தத்தோன் நகரை வென்று, அதன் அரசர் மனூஹாவையும் பாலி திரிபிடக நூல்களையும் துறவிகளையும் கைவினைஞர்களையும் பாகனுக்குக் கொண்டுவந்ததாக அரச வரலாறுகள் கூறுகின்றன. ஷின் அரஹான் என்ற துறவியின் வழிகாட்டலில் தேரவாத பௌத்தம் அரசின் சமயமானதும் இக்காலத்தில்தான். தத்தோன் வெற்றி பற்றிய செய்திகள் பிற்காலக் கட்டமைப்பு என்று வரலாற்றாய்வாளர் மைக்கேல் ஆங்-துவின் வாதிட்டிருக்கிறார். சிறையிருந்த மனூஹா கட்டியதாகச் சொல்லப்படும் கோயில் மியின்கபா சிற்றூரில் உள்ளது. மிகக் குறுகிய அறைகளுக்குள் மிகப் பெரிய புத்தர் உருவங்கள் சுவரோடு நெருக்குண்டு அமர்ந்திருக்கின்றன. சிறைப்பட்ட அரசரின் மனநிலை அது என்பது மக்கள் வழக்கு.

முதன்மைக் கோயில்கள்

ஷ்வேசிகோன்: அனவ்ரதா தொடங்கி, கியான்சித்தா (1084–1112) முடித்த பொன்பூசிய பெருந்தூபி. பிற்கால பர்மியத் தூபிகளுக்கு முன்மாதிரி. பர்மிய நாட்டார் தெய்வங்களான 'நாத்'கள் முப்பத்தேழு பேருக்கும் இதன் வளாகத்தில் இடம் உண்டு. பௌத்தம் பழைய வழிபாடுகளை அழிக்காமல் தன் மதிலுக்குள் சேர்த்துக்கொண்டதற்கு இது சான்று.

ஆனந்தா: கியான்சித்தா கட்டிய நான்முகக் கோயில். 1105-ல் முடிந்ததாகக் கருதப்படுகிறது. நான்கு திசைகளிலும் ஏறத்தாழ 9.5 மீட்டர் உயரமுள்ள நின்ற கோலப் புத்தர்கள் உள்ளனர். வடக்கில் ககுசந்தர், கிழக்கில் கோணாகமனர், தெற்கில் கஸ்ஸபர், மேற்கில் கௌதமர். வடக்கிலும் தெற்கிலும் உள்ளவை தொடக்ககாலச் சிலைகள். மற்ற இரண்டும் பின்னர் செய்து வைக்கப்பட்டவை. மேலிருந்து விழும் ஒளி நேராகச் சிலைகளின் முகத்தில் படும்படி சாளரங்கள் அமைக்கப்பட்டுள்ளன. ஜாதகக் கதைகளைச் சித்தரிக்கும் மெருகிட்ட சுடுமண் ஓடுகள் வெளிப்புறத்தை அணிசெய்கின்றன.

தத்பின்யூ: அலாங்சித்து (1112–1167) காலத்தது. 60 மீட்டருக்கு மேல் உயர்ந்து நிற்கும் இக்கோயிலின் பெயருக்கு 'முற்றறிவு' என்று பொருள். அதே அரசர் 1131-ல் எழுப்பிய ஷ்வேகூஜி ஏழு மாதங்களில் கட்டி முடிக்கப்பட்டதை அதன் பாலிக் கல்வெட்டு தெரிவிக்கிறது.

தம்மயாங்கி: பருமனில் பாகனின் மிகப் பெரிய கோயில். தந்தையைக் கொன்று அரியணை ஏறியவராகச் சொல்லப்படும் நரத்து அந்தப் பாவத்துக்குக் கழுவாயாக இதைக் கட்டியதாகக் கதை. இரு செங்கற்களுக்கு இடையே ஊசி நுழைந்தால் கொத்தனாருக்குத் தண்டனை என்று அவர் ஆணையிட்டதாகவும் சொல்வர். இதன் உட்சுற்றுப் பாதை செங்கல்லால் அடைக்கப்பட்டுள்ளது.

சூலமணி, தம்மயாசிகா: நரபதிசித்து (1174–1211) காலத்தவை. சூலமணி 1183-ல் எழுப்பப்பட்டது. தம்மயாசிகா ஐந்து பக்கங்கள் கொண்ட அரிய அமைப்பு. நிகழ்கால நான்கு புத்தர்களுடன் இனி வரவிருக்கும் மைத்ரேயருக்கும் ஒரு முகம் அளிக்கப்பட்டுள்ளது.

பாகன் கட்டடங்கள் இரு வகைப்படும். உள்வெளி இல்லாத திண்மையான ஸ்தூபி ஒன்று. உள்ளே நுழைந்து வழிபடக்கூடிய 'கு' மற்றொன்று. 'கு' என்ற சொல் குகையைக் குறிக்கும். குகையில் தியானம் செய்யும் துறவியின் நினைவு அதில் இருக்கிறது. செங்கற்களை ஆரமாக அடுக்கி உண்மையான வளைவுகளையும் வளைகூரைகளையும் அமைத்தது பாகன் கொத்தர்களின் தனித்திறன். அக்கால இந்தியக் கோயில்களில் பெரும்பாலும் கற்களைப் படிப்படியாக முன்தள்ளி அடுக்கியே மேற்பகுதி மூடப்பட்டது.

புண்ணியமும் கொடையும்

பாகனின் கட்டடப் பெருக்கத்துக்கு அரசர்கள் மட்டும் காரணமல்ல. அரசியர், அமைச்சர்கள், படைத்தலைவர்கள், வணிகர்கள், செல்வமுள்ள குடும்பத்தினர் எனப் பலரும் கட்டினர். தேரவாத பௌத்தத்தில் தானம் அடிப்படை அறம். தானத்தால் சேரும் புண்ணியம் அடுத்த பிறவியை மேம்படுத்தும், முடிவில் நிர்வாணத்துக்கு வழிவகுக்கும் என்பது நம்பிக்கை. அந்தப் புண்ணியத்தைப் பெற்றோருக்கும் உறவினருக்கும் எல்லா உயிர்களுக்கும் பகிர்ந்தளிக்கவும் முடியும். கோயில் கட்டுவது இத்தகைய தானங்களில் தலையாயது.

கல்வெட்டுகள் இதைக் கணக்கு வழக்குடன் பதிவு செய்கின்றன. செங்கல், சுண்ணாம்பு, மரம் ஆகியவற்றுக்கான செலவும், கொத்தர், தச்சர், ஓவியர் ஆகியோருக்கு வெள்ளியாகவும் நெல்லாகவும் வழங்கிய கூலியும் அவற்றில் எழுதப்பட்டுள்ளன. கோயிலைப் பேண நிலமும் பணியாட்களும் எழுதிவைக்கப்பட்டனர். கொடையாளி நீர் வார்த்துத் தானம் செய்தபோது நிலமகள் சாட்சியாக அழைக்கப்பட்டாள். தமிழ்க் கல்வெட்டுகளின் ஓம்படைக்கிளவி போலவே, அறத்தைக் காப்போர் புண்ணியத்தில் பங்கு பெறுவர் என்ற வாழ்த்தும், அழிப்போர் அவீசி நரகில் விழுவர் என்ற சாபமும் இறுதியில் இடம்பெற்றன.

மியாசேதி கல்வெட்டு இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு. கியான்சித்தா இறக்கும் தறுவாயில் இருந்தபோது அவர் மகன் ராஜகுமாரன் (பர்மிய வழக்கில் யாசகுமார்) தந்தையின் நலனுக்காகப் பொன்னாலான புத்தர் உருவம் செய்வித்தார். தாய் தமக்கு விட்டுச்சென்ற அடிமைகள் வாழ்ந்த மூன்று ஊர்களைக் கோயிலுக்கு அளித்தார். அரியணை அவருக்குக் கிடைக்கவில்லை. 1113-ஐச் சேர்ந்த இக்கல்வெட்டு பாலி, பியூ, மொன், பர்மியம் ஆகிய நான்கு மொழிகளில் ஒரே செய்தியைச் சொல்கிறது. வழக்கொழிந்த பியூ மொழியை 1911-ல் சி. ஓ. பிளாக்டன் இதன் துணையால்தான் படித்தறிந்தார். காலம் உறுதியாகத் தெரிந்த மிகப் பழைய பர்மிய எழுத்துச் சான்றுகளில் இதுவும் ஒன்று. 2015-ல் யுனெஸ்கோவின் உலக நினைவகப் பதிவேட்டில் சேர்க்கப்பட்டது.

கொடையாக வழங்கப்பட்ட மனிதர்களையும் இங்கு மறக்கலாகாது. கோயில் அடிமைகளாக எழுதிவைக்கப்பட்டோரின் நிலை வழிவழியாகத் தொடர்ந்தது. சிலர் தாங்களே விரும்பி அந்நிலையை ஏற்றதாகவும் கல்வெட்டுகள் கூறுகின்றன. பிற்காலத்தில் அவர்களின் வழிவந்தோர் சமூகத்தில் விலக்கி வைக்கப்பட்டனர்.

தமிழ்த் தொடர்புகள்

பாகன் வங்கக் கடல் வணிக வலையின் ஒரு பகுதி. கியான்சித்தாவின் மொன் மொழிக் கல்வெட்டு ஒன்று, அவர் புத்தரின் பெருமைகளைப் பொன் ஏட்டில் எழுதிச் சோழ இளவரசர் ஒருவருக்கு அனுப்பியதாகவும் அவர் பௌத்தத்தை ஏற்றதாகவும் கூறுகிறது. இது அரசரின் புகழுரையாகவே கொள்ளப்படுகிறது. 1106-ல் பாகன் தூதர்கள் சீனாவின் சோங் அரசவைக்குச் சென்றபோது, அவர்களைச் சோழத் தூதருக்கு அளித்த அதே நிலையில் வரவேற்பதா என்ற கேள்வி அங்கு எழுந்ததைச் சீன வரலாற்று நூல் பதிவு செய்துள்ளது.

பழைய மதிலுக்குள் உள்ள நத்லாங் கியாங், பாகனில் எஞ்சியுள்ள வைணவக் கோயில். வெளிச்சுவரின் மாடங்களில் திருமாலின் அவதாரச் சிற்பங்கள் இருந்தன. சில இன்றும் உள்ளன. கியான்சித்தா தம்மை முற்பிறவியில் விஷ்ணு என்ற முனிவராக இருந்தவர் என்று கல்வெட்டில் சொல்லிக்கொண்டவர். அவரது அரண்மனைச் சடங்குகளில் பௌத்தத் துறவிகளுடன் அந்தணர்களும் பங்கேற்றனர்.

மியின்கபாவில் கிடைத்த 13-ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டு வடமொழிச் செய்யுளுடன் தொடங்கித் தமிழில் தொடர்கிறது. மலைமண்டலத்து மகோதயர்பட்டணத்தைச் சேர்ந்த இராயிரன் சிறியான் என்ற ஸ்ரீகுலசேகர நம்பி, புக்கத்திலிருந்த நானாதேசி விண்ணகராழ்வார் கோயிலுக்கு மண்டபம் கட்டி, திருக்கதவு இட்டு, எரிவதற்கு ஒரு நிலைவிளக்கும் வைத்த செய்தியை அது சொல்கிறது. மகோதயர்பட்டணம் இன்றைய கேரளத்தின் கொடுங்கல்லூர். வடமொழிச் செய்யுள் குலசேகராழ்வார் இயற்றியதாகக் கருதப்படும் முகுந்தமாலையைச் சேர்ந்தது. நானாதேசிகள் பல நாடுகளில் வணிகம் செய்த குழுவினர். ஈ. ஹுல்ட்ஷ் இக்கல்வெட்டை 'எபிகிராபியா இண்டிகா'வின் ஏழாம் தொகுதியில் பதிப்பித்தார். இக்கோயில் நத்லாங் கியாங்தான் என்று சிலர் கருதினாலும் அது உறுதிப்படவில்லை.

இன்னொரு தொடர்பு காஞ்சிபுரத்துடன் உள்ளது. பெகு அரசர் தம்மசேதி 15-ஆம் நூற்றாண்டில் பொறித்த கல்யாணிக் கல்வெட்டுகள் அதைக் கூறுகின்றன. சப்படர் என்ற பர்மியத் துறவி இலங்கையில் பத்தாண்டுகள் பயின்று, 12-ஆம் நூற்றாண்டின் இறுதியில் நான்கு துறவிகளுடன் பாகனுக்குத் திரும்பிச் சிங்கள சங்க மரபை நிறுவினார். அந்நால்வரில் ஒருவர் காஞ்சிபுரத்தைச் சேர்ந்த ஆனந்தர். அரசர் நரபதிசித்து துறவிகளுக்கு யானைகளைத் தானமளித்தார். மற்றவர்கள் தங்கள் யானைகளைக் காட்டில் விட்டுவிட்டனர். ஆனந்தர் தம் யானையைக் கப்பலில் காஞ்சியிலிருந்த உறவினர்களுக்கு அனுப்பினார். விலங்கை விடுவிக்காமல் பிறர்க்கு அளித்தது தவறு என மற்றவர்கள் கண்டித்தனர். உற்றாருக்கு உதவுவதும் புத்தர் சொன்ன அறமே என்று அவர் விடையளித்தார். அந்தப் பிணக்கில் ஆனந்தர் தனித்துச் செயல்பட நேர்ந்தது.

வீழ்ச்சி

கோயிலுக்கும் சங்கத்துக்கும் அளித்த நிலங்களுக்கு வரி கிடையாது. தலைமுறைதோறும் கொடை பெருகப் பெருக, அரசுக்கு வரி தரும் நிலமும் ஆட்களும் குறைந்தனர். சங்கத்தைத் 'தூய்மைப்படுத்துதல்' என்ற பெயரில் அரசர்கள் அவ்வப்போது நிலங்களை மீட்க முயன்றாலும் முழு வெற்றி கிடைக்கவில்லை. நகரைக் கட்டிய அதே புண்ணிய நாட்டமே அரசின் பொருளாதாரத்தை வலுவிழக்கச் செய்தது என்பது மைக்கேல் ஆங்-துவினின் வாதம். பாகனின் வீழ்ச்சி பற்றிய விவாதங்களில் இந்த வாதமும் இடம்பெறுகிறது.

கடைசிப் பேரரசர் நரதிஹபதே மிங்கலாசேதி ஸ்தூபியைக் கட்டத் தொடங்கியபோது, அது முடிந்தால் நாடு தூளாகும் என்ற நிமித்தம் கேட்டு வேலையை நிறுத்தினார் என்றும், பின்னர் ஒரு துறவியின் அறிவுரையால் கட்டி முடித்தார் என்றும் வரலாற்று நூல்கள் சொல்கின்றன. 1277-ல் குப்லாய் கானின் மங்கோலியப் படைகளுடன் எல்லைப் போர் மூண்டது. அடுத்தடுத்த படையெடுப்புகளில் வடபகுதி வீழ்ந்தது. அரசர் தெற்கே ஓடினார். 'சீனரைக் கண்டு ஓடிய அரசர்' என்ற பட்டப்பெயர் அவருக்கு நிலைத்தது. 1287-ல் தன் மகன்களில் ஒருவரால் கொல்லப்பட்டார். மங்கோலியர்கள் பாகன் நகரையே அடைந்தார்களா என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. 1297-ல் மியின்சாயிங் சகோதரர்கள் ஆட்சியைக் கைப்பற்றினர். அதிகாரம் சௌக்சே பகுதிக்கும் பின்னர் பின்யா, ஆவா நகரங்களுக்கும் நகர்ந்தது.

அதன்பின் பாகனில் புதிய கட்டடங்கள் மிகக் குறைவாகவே எழுந்தன. ஆனால் முதன்மைக் கோயில்களுக்கு யாத்திரை தொடர்ந்தது. பிற்கால அரசர்களும் செல்வர்களும் தூபிகளுக்குப் பொன் வேய்ந்தனர், சிலைகளைப் புதுப்பித்தனர், சுவர்களில் புதிய ஓவியங்களைத் தீட்டுவித்தனர். ஆனந்தா கோயிலை ஒட்டிய ஓக்கியாங் மடாலயத்தின் 18-ஆம் நூற்றாண்டு ஓவியங்கள் அவ்வாறு தோன்றியவை. பிரித்தானியர் ஆட்சியில் தொல்லியல் ஆய்வு தொடங்கியது. சூறையும் நடந்தது. 1899-ல் ஜெர்மானியரான தோமான் வெட்சீ-இன் குப்யாக்ஜி கோயிலின் சுவரோவியங்களை அறுத்தெடுத்தார். அவற்றில் பல ஹாம்பர்க் சென்றன. ஓவியம் இருந்த இடங்கள் இன்றும் வெறும் சதுரங்களாகத் தெரிகின்றன.

குளிர்காலத்தில் பாகன்

மழைக்காலத்தின் மூன்று மாதங்கள் துறவிகள் மடாலயத்தில் தங்கும் வஸ்ஸ காலம். அக்டோபரில் அது முடிந்ததும் துறவிகளுக்குச் சீவர ஆடை வழங்கும் கதின விழா நடைபெறும். அதைத் தொடர்ந்து அறுவடை. கையில் விளைச்சலும் ஓய்வும் இருக்கும் குளிர்கால மாதங்களே யாத்திரைக் காலம்.

இப்பருவத்தின் முதன்மை விழா ஆனந்தா கோயில் திருவிழா. டிசம்பர்-ஜனவரியில் வரும் பியாதோ மாத முழுநிலவை ஒட்டி நடைபெறுகிறது. சுற்றுவட்டார உழவர்கள் கூண்டு கட்டிய மாட்டுவண்டிகளில் குடும்பத்துடன் வந்து கோயிலைச் சூழ்ந்த வெளியில் நாள்கணக்கில் தங்குவது மரபு. துறவிகள் இரவும் பகலும் மறைநூல்களை ஓதுவர். மட்பாண்டங்கள், பாய்கள், மியின்கபாவின் அரக்குப் பாத்திரங்கள், கருப்பட்டி ஆகியவை சந்தையில் குவியும். இரவில் நாடகமும் இசையும் நடக்கும். முழுநிலவு நாளின் காலையில் நூற்றுக்கணக்கான துறவிகள் வரிசையாக வந்து தானம் பெறுவர். அரிசியும் பழங்களும் பணமும் அவர்களின் கலங்களில் நிறையும். கல்வெட்டுகளில் அரசியரும் அமைச்சர்களும் செய்த தானத்தை இங்கு கடலை விளைவிக்கும் குடியானவர் தன் அளவில் செய்கிறார்.

வெளிநாட்டுப் பயணிகள் பெரும்பாலும் வருவதும் இதே மாதங்களில்தான். பனிமூட்டத்திலிருந்து கோபுரங்கள் ஒவ்வொன்றாக வெளிப்படும் விடியற்காட்சி பாகனின் அடையாளமாகிவிட்டது. அக்டோபர் முதல் மார்ச் வரை வெப்பக்காற்றுப் பலூன்கள் பறக்கவிடப்பட்டன. ஒருவாயில் கோயில்களில் பெரும்பாலானவை கிழக்கு நோக்கியவை என்பதால், தாழ்ந்து வரும் காலை வெயில் கருவறைவரை செல்லும். சிறு சாளரங்கள் மட்டுமே கொண்ட தொடக்ககாலக் கோயில்களின் ஓவியங்களைக் காண இதுவே ஏற்ற நேரம். எந்தக் கோயிலிலும் காலணியையும் காலுறையையும் வாயிலில் கழற்றியாக வேண்டும். 1910-களின் இறுதியில் ஐரோப்பியர்கள் காலணியுடன் நுழைவதை எதிர்த்துப் பர்மியர் நடத்திய போராட்டம் தேசிய எழுச்சியின் தொடக்கங்களில் ஒன்று.

நிலநடுக்கங்களும் சீரமைப்பும்

பாகன் நிலநடுக்கப் பகுதியில் உள்ளது. 1975 ஜூலை 8-ல் நிகழ்ந்த நடுக்கத்தில் பல கோயில்கள் கடுமையாகச் சேதமடைந்தன. ஆற்றங்கரையின் பூபயா ஸ்தூபி முழுவதுமாக இடிந்து ஆற்றில் விழுந்தது. அது பின்னர் புதிதாகக் கட்டப்பட்டது. 1980-களில் யுனெஸ்கோவின் உதவியுடன் வலுவூட்டும் பணிகள் நடந்தன. பிரெஞ்சுக் கட்டடக்கலைஞர் பியர் பிஷார் 2,800-க்கும் மேற்பட்ட சின்னங்களை அளந்து வரைந்து எட்டுத் தொகுதிகளாகப் பதிப்பித்தார். இடிந்தவற்றின் முந்தைய நிலையை அறிய இன்றும் அதுவே அடிப்படை.

1990-ல் இராணுவ அரசு பழைய மதிலுக்குள் வாழ்ந்த மக்களைக் குறுகிய அவகாசத்தில் வெளியேற்றித் தெற்கே புதிய பாகன் என்ற குடியிருப்புக்கு மாற்றியது. கோயில்களைத் தலைமுறைகளாகப் பேணிய குடும்பங்கள் அவற்றிலிருந்து பிரிக்கப்பட்டன. 1990-களின் நடுவிலிருந்து பெரிய அளவில் மறுகட்டுமானம் தொடங்கியது. நன்கொடையாளர்கள் பணம் தந்தனர். அவர்களின் பெயர் பொறித்த கற்கள் பதிக்கப்பட்டன. அடித்தளம் மட்டும் எஞ்சியிருந்த மேடுகளின் மேலும் முழுக் கோயில்கள் எழுந்தன. ஆயிரத்துக்கும் மேற்பட்டவை இவ்வாறு கட்டப்பட்டன. மூல வடிவம் எதுவெனத் தெரியாத இடங்களில் ஊகத்தால் பொதுவான வடிவமே எழுப்பப்பட்டது. புதிய செங்கல்லும் சிமெண்டும் பயன்பட்டன. கோல்ஃப் திடலும் 60 மீட்டர் உயரப் பார்வைக் கோபுரமும் வந்தன. 1996-ல் முன்வைக்கப்பட்ட உலக மரபுரிமைப் பரிந்துரை ஏற்கப்படாமல் போனது.

இருதரப்பிலும் நியாயம் இருந்தது. கலை வரலாற்றாய்வாளருக்குப் பாகன் 11–13-ஆம் நூற்றாண்டின் சான்று. ஊகத்தால் சேர்க்கப்படும் ஒவ்வொரு செங்கல்லும் அந்தச் சான்றைக் கலைக்கிறது. வழிபடுவோருக்கு இடிந்த தூபி என்பது செய்யப்படாமல் கிடக்கும் கடமை. உச்சிக்குடை விழுந்த தூபியை அப்படியே விடுவது அவமதிப்பு. ஆனால் 1990-களின் பணிகளில் அரசு இந்த நம்பிக்கையைத் தன் பெருமைக்கும் சுற்றுலா வருவாய்க்கும் பயன்படுத்திக்கொண்டது என்பதும், அந்த மண்ணில் வாழ்ந்தவர்களின் கருத்து கேட்கப்படவில்லை என்பதும் உண்மை.

2016 ஆகஸ்ட் 24-ல் சௌக் நகரருகே மையம் கொண்ட 6.8 அளவு நிலநடுக்கம் ஏறத்தாழ 400 கோயில்களைச் சேதப்படுத்தியது. சூலமணியின் உச்சி சரிந்தது. விழுந்தவற்றில் கணிசமானவை அண்மைக்கால மறுகட்டுமானங்கள். பழைய சுவரும் புதிய சேர்க்கையும் நடுக்கத்தில் ஒன்றாக அசையவில்லை. மறுநாளே இடிபாடுகளை அகற்ற மக்களும் துறவிகளும் திரண்டனர். இம்முறை தொல்லியல் துறை அவசர மறுகட்டுமானத்தை அனுமதிக்கவில்லை. விழுந்தவை முதலில் ஆவணப்படுத்தப்பட்டன. கோயில்களின் மேல் ஏறிச் சூரிய உதயம் பார்க்கும் வழக்கமும் தடை செய்யப்பட்டது. மாற்றாக மண்மேடுகள் அமைக்கப்பட்டன.

உலக மரபுரிமை

2019 ஜூலை 6-ல் அசர்பைஜானின் பாக்கு நகரில் நடந்த உலக மரபுரிமைக் குழுக் கூட்டத்தில் பாகன் பட்டியலில் சேர்க்கப்பட்டது. பாகன் நாகரிகத்தின் சான்று, கட்டடக்கலைச் சிறப்பு ஆகியவற்றுடன் மூன்றாவதாக ஓர் அளவுகோலும் ஏற்கப்பட்டது. தானத்தின் வழியே புண்ணியம் ஈட்டும் மரபு இங்கு இன்றும் உயிருடன் இருக்கிறது என்பதே அது. முன்பு குறையாகக் கருதப்பட்ட புதுப்பித்தல் வழக்கம், அதன் வேரிலுள்ள சமய மரபாகப் புரிந்துகொள்ளப்பட்டு மதிப்பின் ஒரு பகுதியானது. தொல்லியல் பகுதிக்குள் இருக்கும் விடுதிகளைப் படிப்படியாக அகற்றுவதாக மியான்மர் உறுதியளித்தது.

2020-ன் பெருந்தொற்றும் 2021-ன் இராணுவக் கையகப்படுத்தலும் வெளிநாட்டுப் பயணிகளின் வரவை வெகுவாகக் குறைத்தன. சுற்றுலாவை நம்பிய வண்டியோட்டிகள், அரக்குக் கைவினைஞர், வழிகாட்டிகள் ஆகியோரின் வாழ்வாதாரம் பாதிக்கப்பட்டது. பாதுகாப்புப் பணிகளுக்கான பன்னாட்டு ஒத்துழைப்பும் சுருங்கியது. பதிவு செய்யப்பட்ட சின்னங்களில் தொடர்ந்து வழிபாடு நடப்பவை சிலவே. மற்றவை வயல்களுக்கு நடுவே கவனிப்பாரின்றி நிற்கும் சிறு கோயில்கள். அவற்றுள் பலவற்றின் கொடையாளிகள் பெயரும் தெரியாதவர்கள். தாம் கட்டியதைப் பிற்காலத்தவர் காப்பார்கள் என்று நம்பியே அவர்கள் நிலத்தையும் விளக்கையும் எழுதிவைத்தனர். இன்று அந்தப் பொறுப்பு அருகிலுள்ள ஊர்களின் உழவர்களுக்கும் தொல்லியல் துறையின் பணியாளர்களுக்கும் வந்து சேர்ந்துள்ளது.